புவனேஸ்வரில் 518 புள்ளி வித்தியாசம்

மே 7, 2024, செவ்வாய்

மகளின் செஸ் போட்டிக்காகக் கிளம்பிய எங்களை, விடிவதற்கு முன்பே கோரமண்டல் எக்ஸ்பிரஸ் புவனேஸ்வரில் இறக்கிவிட்டது. வெயிலே வரவில்லை, ஆனால் ஸ்டேஷன் வாசலைத் தாண்டுவதற்குள் துணி முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஆட்டோக்காரர் 350 கேட்டு 250க்கு ஒத்துக்கொண்டார். பணம் கொடுக்கும்போது என் விரலில் இன்னும் அழியாமல் இருந்த மையைப் பார்த்துவிட்டு, "உங்க ஊர்ல முடிஞ்சுதா?" என்று இந்தியில் கேட்டார். நமக்கு ஏப்ரல் 19 அன்றே முடிந்துவிட்டது. இங்கே சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் சேர்த்தே தேர்தல், இந்த ஊருக்கு மாதக் கடைசியில். எந்த ஊர் என்றார், சென்னை என்றேன். மகளின் பையில் தைத்திருந்த குதிரைக் காயைக் காட்டி, "குகேஷ்!" என்றார். குகேஷ் டொராண்டோவில் கேண்டிடேட்ஸ் (உலக சாம்பியனோடு மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் போட்டி) ஜெயித்து இரண்டு வாரம்தான் ஆகிறது, அதுவும் 17 வயதில். விடியற்காலையில் முன்பின் தெரியாத ஒருவர் வாயிலிருந்து அந்தப் பெயரைக் கேட்டதும் மகளுக்குப் பயண அலுப்பே போய்விட்டது.

லாட்ஜில் அறை தயாராகப் பத்து மணி ஆகும் என்றார்கள். ஆனால் மேனேஜர் எங்களை வரவேற்பறையில் ஃபேனுக்கு அடியில் உட்காரவைத்து, கேட்காமலே டீ வரவழைத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். அறை கிடைத்த பிறகு ஏசி ஓடவில்லை, அது வேறு கதை. மாலையில் ஒருவர் வந்து ஏதோ தட்டிவிட்டுப் போனார். அப்புறம் ஓடியது.

அதே மாடியில் திருப்பூரிலிருந்து வந்த ஒரு குடும்பம். அவர்கள் எந்தப் போட்டிக்குப் போனாலும் சின்ன ரைஸ் குக்கர், பருப்புப் பொடி, நல்லெண்ணெய் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு போவார்கள். "பையனுக்கு வயிறு கெட்டா போட்டியே போச்சுங்க" என்றார் அந்த அப்பா. ராத்திரி எங்களுக்கும் ஒரு கிண்ணம் சோறு வந்தது.

மே 8, புதன்

காலையில் தொடக்க விழா. விருந்தினர் வரத் தாமதமானதால் முதல் சுற்று மதியம் மூன்றரைக்குத்தான் தொடங்கியது. யாருக்கு எதிரே யார் என்று சொல்லும் பேரிங் பட்டியல் முந்தின இரவே வந்துவிட்டது. மகளின் ரேட்டிங், அதாவது ஆட்டபலத்தைக் காட்டும் எண், 1573. எதிரே கொல்கத்தாவிலிருந்து வந்த, ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர், 2091.

எந்த ரேட்டிங்கில் இருப்பவரும் ஆடக்கூடிய ஓபன் போட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் எல்லோருக்கும் இந்த முதல் சுற்று தெரியும். ஸ்விஸ் முறையில் ரேட்டிங் வரிசையை நடுவில் வெட்டி, மேல்பாதியின் முதல் ஆளைக் கீழ்ப்பாதியின் முதல் ஆளோடு உட்காரவைப்பார்கள். அதனால் முதல் நாள் அநேகமாக எல்லா மேசையிலும் இப்படிப்பட்ட இடைவெளிதான். இந்த எண்களை வகுத்துக் கொடுத்தவர் ஆர்பாட் எலோ என்ற இயற்பியல் பேராசிரியர். உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே 1970இல் அவர் முறையை ஏற்றுக்கொண்டது. 400 புள்ளி வித்தியாசம் என்றால் பலசாலிக்கு 100 ஆட்டத்துக்கு 92 புள்ளி கிடைக்கும் என்கிறது ஃபிடே அட்டவணை. இங்கே இருப்பதோ 518. கணக்கில் அதை 400 ஆகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

மகளின் 1573கூடப் பழைய எண் இல்லை. பிப்ரவரி வரை 1288. மார்ச் 1 முதல் ஃபிடே குறைந்தபட்ச ரேட்டிங்கை 1400க்கு உயர்த்தியபோது, 2000க்குக் கீழே இருந்த எல்லோருக்கும் 2000க்கு எவ்வளவு குறைகிறதோ அதில் 40 சதவீதத்தைச் சேர்த்துக் கொடுத்தது. ஒரே ராத்திரியில் 285 புள்ளி கூடியது. ஆட்டம் மாறவில்லை, எண் மாறியது. அதனால் இந்த வருடம் யாருடைய எண்ணையும் முழுசாக நம்ப முடியாது என்று பெற்றோர் வட்டத்தில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆட்டம் தொடங்கிப் பத்தே நிமிடத்தில் பெற்றோரை வெளியே அனுப்பிவிட்டார்கள். வளாகத்தில் மாமரங்கள் நிறைய. ஒடிசா, வங்காளம், ஆந்திரா, கேரளம் என்று எல்லாப் பக்கத்து அம்மாக்களும் நிழலில் பாய் விரித்து உட்கார்ந்தோம். ஒருவர் பை நிறைய மூடி (பொரி), பச்சை வெங்காயம், கடுகெண்ணெய் கொண்டுவந்திருந்தார். அங்கேயே கலந்து காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். கடுகெண்ணெய் மூக்கில் ஏறி எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஆனாலும் இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன். மொழி தெரியாமலேயே பேச்சு ஓடியது. பிள்ளை ரேட்டிங் எவ்வளவு, கோச் யார், பள்ளிக்கூடத்தில் லீவு தருகிறார்களா. எல்லா ஊரிலும் இதே மூன்று கேள்விதான்.

ஆறு மணி இருக்கும். மேற்கே வானம் கறுத்தது. இங்கே காலபைசாகி என்கிறார்கள், கோடையில் சாயங்காலமாகத் திடீரென்று அடிக்கும் புயல்காற்று. கேட்டிருக்கிறேன், பார்த்ததில்லை. இலை அசையாமல் இருந்த இடத்தில் அடுத்த நிமிடமே பாய் பறந்தது, ஃபிளெக்ஸ் கிழிந்து கம்பத்தில் படபடத்தது, மாங்காய்கள் தொப் தொப்பென்று விழுந்தன. காவலாளி ஓடிவந்து ஒரு ஸ்டோர் ரூமைத் திறந்துவிட்டு எங்களை எல்லாம் உள்ளே தள்ளினார். அவர் மட்டும் வெளியே நின்று நனைந்தார். மழை சாய்வாக அடித்தது. அப்போதுதான் கரண்ட் போனது. ஹாலின் ஜன்னல்கள் மொத்தமாக இருண்டன.

உள்ளே என்ன நடந்தது என்பதை மகள் அப்புறம் சொன்னாள். ஆர்பிட்டர் (நடுவர்) உரக்க, "கடிகாரத்தை நிறுத்துங்கள், யாரும் எழுந்திருக்க வேண்டாம்" என்றாராம். நூற்றுக்கணக்கான பேர் இருட்டில் காயைத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அவளுடைய மேசையில் அப்போது 38ஆவது மூவ். ராணிகள் போய்விட்டன, அவளுக்கு ஒரு சிப்பாய் குறைவு. எதிரில் இருந்தவர் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்துவிட்டார். இவளோ மின்னல் வெளிச்சத்தில் போர்டையே பார்த்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வந்திருக்கிறாள்: இருக்கிற சிப்பாய்களையெல்லாம் ஒவ்வொன்றாக மாற்றித் தீர்த்துவிட வேண்டும், கடைசியில் அவரிடம் ஒரு யானை, ஒரு சிப்பாய், தன்னிடம் ஒரு யானை என்று வந்தால் தப்பிக்கத் தெரியும்.

கரண்ட் வர அரை மணி நேரம் ஆனது. ஏழரைக்குள் முக்கால்வாசி மேசைகள் காலி. அதனால் கண்ணாடிக் கதவு வழியாக அவளைப் பார்க்க முடிந்தது. நினைத்த இடத்துக்கே ஆட்டத்தைக் கொண்டுவந்துவிட்டாள். அவளுடைய வெள்ளை ராஜா இ1 கட்டத்தில், யானை மூன்றாவது வரிசையில். அவருடைய சிப்பாய் இ4இல், ராஜா அதற்குப் பக்கத்தில். அந்த மூன்றாவது வரிசையை யானை காக்கும்வரை கறுப்பு ராஜா கீழே இறங்க முடியாது. 18ஆம் நூற்றாண்டில் பிலிடோர் என்ற பிரெஞ்சுக்காரர் காட்டிக்கொடுத்த தற்காப்பு இது. அவர் இசையமைப்பாளரும்கூட. கோச் மாதக்கணக்கில் அவளைப் போட்டுப் பழக்கியது இதைத்தான்.

அவள் யானை ஏ3, பி3, மறுபடி ஏ3 என்று அதே வரிசையில் போய்ப் போய் வந்தது. அவர் ராஜாவை இந்தப் பக்கம் கொண்டுபோனார், அந்தப் பக்கம் கொண்டுவந்தார், யானையை மாற்றி மாற்றி நிறுத்தினார். இவள் அசையவில்லை. கடைசியில் அவர் சிப்பாயை இ3க்குத் தள்ளினார். இவள் யோசிக்கக்கூட இல்லை. யானையை ஒரே இழுப்பில் ஏ8 வரை கொண்டுபோய் வைத்தாள். சிப்பாய் முன்னேறிவிட்டதால் கறுப்பு ராஜாவுக்கு ஒதுங்க இடமில்லை, பின்னாலிருந்து செக் மேல் செக் கொடுக்கலாம். இன்னும் சில மூவ். 84ஆவதில் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினார். டிரா. எனக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

இதற்கு அப்புறம் நடந்ததற்காகத்தான் இந்த நாளை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். தன்னைவிட 518 புள்ளி குறைந்த குழந்தையிடம் அரைப் புள்ளியை விட்ட பெரியவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டு முகத்தைப் பார்க்காமல் போவார்கள். இவர் வராந்தாக் கல் பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்து சுருட்டிய போர்டை எடுத்து விரித்து, "வா, முதல்ல இருந்து பார்க்கலாம்" என்றார். மழை நீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. வங்கியில் வேலை பார்க்கிறாராம், வருடத்தில் ஒரு போட்டிக்குத்தான் லீவு கிடைக்குமாம். நிதானமான ஆங்கிலத்தில் பேசினார்.

19ஆவது மூவில் நிறுத்தினார். "இங்கே ஒரே நிலையை மூன்று தடவை வரவழைத்து டிரா எடுத்திருக்கலாம். உன் இடத்தில் 2100 ஆட்டக்காரர் இருந்தால் எடுத்திருப்பேன். எதிரே 1573 இருக்கிறதே, விடுவதா என்று விலகிப் போனேன். அங்கேதான் என் ராஜா பக்கம் திறந்துகொண்டது" என்றார்.

24ஆவது மூவுக்கு வந்ததும் அவளுடைய குதிரையை எடுத்து எஃப்5இல் வைத்தார். "இதை ஏன் ஆடவில்லை? ஆடியிருந்தால் நான் தோற்றிருப்பேன்."

"பார்த்தேன் அங்கிள். ஆனா நீங்க 2091. பார்க்காமலா விட்டிருப்பீங்கன்னு நினைச்சேன்."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ இன்னைக்கு நாம ரெண்டு பேருமே போர்டைப் பார்க்கலை, அந்தக் காகிதத்தைத்தான் பார்த்திருக்கோம். அடுத்த தடவை பேரிங் பார்க்கும்போது ரேட்டிங் இருக்கிற இடத்தைக் கையால் மறைச்சுக்கோ. நானும் மறைச்சுக்கறேன்" என்றார். அப்புறம் பிலிடோரை அவள் எப்படிக் கற்றாள் என்று கேட்டார். அவளையே இரண்டு தடவை ஆடிக் காட்டச் சொன்னார். ஒன்பது மணிவரை உட்கார்ந்திருந்தார்.

மே 9, வியாழன்

இன்று இரண்டு சுற்று. காலையில் தோல்வி, மதியம் வெற்றி. இரண்டையும் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

நேற்றைய புயலால் வெயில் கொஞ்சம் தணிந்திருக்கிறது. இடைவேளையில் வளாகத்துக்குப் பின்னால் ஒரு சின்ன மெஸ்ஸில் பகாள சாப்பிட்டோம். நம் பழையதுதான், ஆனால் தயிர் கலந்து, கறிவேப்பிலை, இஞ்சி, வறுத்த மிளகாய் போட்டுக் குளிரக் குளிரத் தருகிறார்கள். தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு மசியல், கீரை வதக்கல், பொடித்த வடகம். 90 ரூபாய். பரிமாறிய அம்மா நீராகாரத்தைத் தனியாக டம்ளரில் ஊற்றி மகளிடம் நீட்டி, குடிக்கும்வரை நகரவில்லை. பழையது என்றால் வீட்டில் முகத்தைச் சுளிப்பவள் இங்கே கிண்ணத்தைத் துடைத்து வைத்தாள்.

சுவரில் பத்மினி ரௌத் படம். ஒடிசாக்காரர், 2014 முதல் 2017 வரை தொடர்ந்து நான்கு வருடம் தேசிய மகளிர் சாம்பியன். மெஸ் அம்மா அந்தப் படத்தைக் காட்டி மகளின் தலையைத் தடவினார்.

மே 10, வெள்ளி

மூன்று மணிக்குத்தான் ஆட்டம் என்பதால் காலையில் உதயகிரி குகைகளுக்குப் போனோம். டிக்கெட் 25 ரூபாய், குழந்தைக்கு இலவசம். ஹாத்தி கும்பா என்ற குகையின் நெற்றியில் கலிங்க மன்னன் காரவேலன் வெட்டிய பிராகிருதக் கல்வெட்டு இருக்கிறது, 17 வரி. எழுத்துகள் பாதி தேய்ந்துவிட்டன. தமிழ் அரசுகளின் கூட்டணியை உடைத்ததாகவும், பாண்டிய மன்னனிடமிருந்து முத்துகள் வந்ததாகவும் அதில் சொல்கிறான். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் நம்மைப் பற்றி இன்னொருவர் எழுதிவைத்ததை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பது ஒரு தனி உணர்வு. மகளுக்குக் கணேச கும்பா வாசலில் நிற்கும் கல் யானைகள்தான் பிடித்தன. ஒரு குரங்கு எங்கள் பிஸ்கட் பாக்கெட்டைப் பறித்துக்கொண்டு போனது. பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையன்கள் தங்கள் பாக்கெட்டை நீட்டினார்கள்.

இன்று அட்சய திருதியை. நகைக்கடை வாசலில் நம் ஊர் மாதிரியே கூட்டம். ஆனால் இங்கே அதைவிடப் பெரிய விஷயம், பூரியில் இந்த வருடத் தேர்களுக்கு மரவேலை தொடங்கும் நாள் இது. டிரைவர் அதைச் சொல்லும்போது ஸ்டியரிங்கை விட்டுக் கை கூப்பினார்.

மதியம் மகளுக்கு எதிரே கட்டக்கைச் சேர்ந்த ஒன்பது வயதுப் பையன், 1491. இன்று இவள்தான் பெரிய எண். நாற்காலியில் மண்டியிட்டுத்தான் அவனால் மறுபக்கக் காயைத் தொட முடிந்தது. ஒன்றரை மணி நேரத்தில் இவள் வெளியே வந்துவிட்டாள். தோல்வி. டிராவுக்குப் போயிருக்க வேண்டிய இடத்தில் ஜெயித்தே தீர வேண்டும் என்று இழுத்திருக்கிறாள். கை குலுக்கிவிட்டு நேராக அறைக்கு நடந்தாள். பையன் பின்னாலேயே போர்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். இவள் திரும்பவில்லை. நான் அவனிடம் "நாளைக்கு" என்று சொல்லி அனுப்பினேன். ராத்திரி சாப்பிடவில்லை. திருப்பூர்க்காரர் ரசம் சாதம் கொடுத்தனுப்பினார், அதுவும் அப்படியே இருந்தது.

மே 12, ஞாயிறு

நேற்றும் அவள் பையனைத் தவிர்த்தாள். இன்று காலை அவனே வந்துவிட்டான், அவன் அம்மாவோடு. அந்த அம்மா ஒரு டப்பா நிறையப் பொடபிட்டா கொண்டுவந்திருந்தார். அரிசியும் உளுந்தும் வெல்லமும் தேங்காயும் சேர்த்து மெதுவாகச் சுட்டு, அடி நன்றாகக் கறுத்த அப்பம். இந்தி அவருக்கும் அரைகுறை, எனக்கும் அரைகுறை. பையனுக்கு ஒரே ஒரு சந்தேகம்தானாம், 31ஆவது மூவில் அக்கா ஏன் பிஷப்பைப் பின்னால் எடுத்தாள் என்று.

மகள் கொஞ்ச நேரம் டப்பாவையே பார்த்தாள். பிறகு படிக்கட்டில் உட்கார்ந்து காய்களை அடுக்கினாள். "இங்கே நீ குதிரையை எடுத்திருந்தா இன்னும் சீக்கிரம் ஜெயிச்சிருப்பே, பாரு" என்று தமிழிலேயே சொன்னாள். அவன் ஒடியாவில் ஏதோ பதில் சொன்னான். இருவரும் ஒரே காயின் மேல் கை வைத்தார்கள். மதியச் சுற்றுக்கு மணி அடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் எல்லோருமாக ஒரு வேன் பேசிப் பஹாலா போனோம். கட்டக் போகும் நெடுஞ்சாலையில் இருபக்கமும் ரசகுல்லாக் கடைகள், பெரிய பெரிய அலுமினியச் சட்டிகளில் இன்னும் சூடாக. இந்த ஊர் ரசகுல்லா வெள்ளை இல்லை, லேசான பழுப்பு. பஞ்சு போலத் துள்ளாமல் நாக்கில் கரைகிறது. ஒன்று 10 ரூபாய். பாலைத் திரித்தெடுத்த சேனாவைச் சுட்டுச் செய்யும் சேனாபொடாவும் கால் கிலோ வாங்கினோம், அதன் கருகிய ஓரத்துக்கு மகளும் திருப்பூர்ப் பையனும் சண்டை.

மே 14, செவ்வாய், ரயிலில்

கடைசிச் சுற்று நேற்று முடிந்தது. பரிசு எதுவும் இல்லை. கொல்கத்தாக்காரரை ஹால் வாசலில் பார்த்தோம். போர்டு இருக்கும் பையைத் தோளில் மாட்டியபடி, பேரிங் தாளை உள்ளங்கையால் மறைப்பதுபோல் சைகை காட்டினார். மகள் சிரித்துவிட்டு அவர் காலைத் தொட்டு வணங்கினாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

இப்போது ஜன்னலோரத்தில் உட்கார்ந்து அவளே ரேட்டிங் கணக்குப் போடுகிறாள். முதல் சுற்று டிராவுக்கு எதிர்பார்ப்பு 0.08, கிடைத்தது 0.5, அவள் வயதுக்குப் பெருக்கும் எண் 40. ஆக 16.8 புள்ளி ஏற்றம். அதே டிராவால் அந்த அங்கிளுக்குப் பெருக்கும் எண் 20 என்பதால் 8.4 இறக்கம். கட்டக் பையனிடம் தோற்றதில் இவளுக்கு 24.4 இறக்கம். 84 மூவ் போராடிச் சேர்த்ததற்கு மேலேயே ஒன்றரை மணி நேரத்தில் போய்விட்டது. அதைச் சொல்லும்போது அவள் குரலில் வருத்தம் இல்லை. அந்த எஃப்5 குதிரையைப் பற்றித்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறாள்.

எதிர் சீட்டில் திருப்பூர்க்காரர். அடுத்த மாதப் போட்டியில் 1600க்குக் கீழே ரேட்டிங் இருப்பவர்களுக்கான பிரிவில் போட்டால் பரிசுப் பணம் நிச்சயம், செலவாவது கையைக் கடிக்காது என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இந்தப் பயணத்துக்கே போக வர, தங்க, நுழைவுக் கட்டணம் என்று கணிசமாகச் செலவாகிவிட்டது. ஆனால் அந்தப் பிரிவில் 2091 யாரும் உட்கார மாட்டார்கள். போர்டை விரித்து, முதலில் இருந்து பார்க்கலாம் என்று சொல்ல அங்கே ஆள் கிடைப்பது கஷ்டம். ஓபன் பிரிவுக்கே பணம் கட்டிவிடு அம்மா என்கிறாள். சிக்னல் கிடைத்ததும் கட்டிவிடுவேன்.